ஒரு தட்டு என்றால் சரி

பல்செட்காரர் வீட்டிலேயே ஆகாய விமானம் செய்கிறார் என்பது அந்தத் தெருவுக்குப் பழகிப்போன செய்தி. முதல் வருஷம் ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் வருஷம் கிண்டல் செய்தார்கள். இப்போது ஏழாம் வருஷம். யாராவது புதிதாகக் குடிவந்தால் மட்டும், "அந்த வீட்டுலேருந்து டர்ர்ருனு சத்தம் வரும், பயந்துடாதீங்க, ஏரோப்ளேன்தான்" என்று சொல்லிவைப்பார்கள், கடிக்காத நாயைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அவருடைய தொழில் பொய்ப்பல் செய்வது. மூன்று பல் டாக்டர்கள் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். இவர் முன்னறையில் உட்கார்ந்து செட் செய்து கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் தன் பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மீதிப் பாதிப் பேர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியாமலில்லை. ஐம்பத்தொன்றாவது வயதில், இருவர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றின் வரைபடங்களைத் தபாலில் வரவழைத்தார். பாய் அகலத்துக்கு அறுபத்திரண்டு தாள். அலுமினியத் தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டு, ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டியது. அவ்வளவுதான் என்று நினைத்தார் மனுஷர்.

விமானம் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது. கார் ஷெட்டில் உடல் பாகம், பெண்ணின் பழைய அறையில் இரண்டு இறக்கைகள், கூடத்தில் வால். சம்பந்தி முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது வாலுக்கு அடியில் குனிந்துதான் நாற்காலிக்குப் போக வேண்டியிருந்தது. "மத்தவங்க வீட்டைப் பெருக்குவாங்க, நான் ஏரோப்ளேனுக்கு அடியில தவழ்ந்துக்கிட்டிருக்கேன்" என்று அவர் மனைவி அந்தச் சம்பந்தியம்மாவிடம் சொன்னாள். சொன்னாளே தவிர, விமானத்தில் பாதி அவள் கை பட்டது.

ஏனென்றால் ரிவெட் என்பது ஒற்றை ஆளின் வேலையல்ல. ரிவெட் என்பது ஒரு குட்டி ஆணி. இரண்டு தகட்டையும் சேர்த்துத் துளைத்து அதைச் செருக வேண்டும். வெளிப்பக்கம் ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் டர்ர்ரென்று அடிக்க, உட்பக்கம் இன்னொருவர் ஒரு கிலோ இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் அழுத்திப் பிடித்தால்தான் வால் நசுங்கிப் பொத்தான் போல் உட்காரும். கட்டி ஒரு நூல் சாய்ந்தாலும் வால் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். துப்பாக்கி பிடித்தவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. இறக்கைக்குள் முழங்கை வரை கையை விட்டிருப்பவருக்கும் கண்ணுக்கு எட்டாது; விரல் நுனியால் தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதையும் வாயால் சொல்ல முடியாது. இருவர் காதிலும் சத்தம் புகாத பெரிய மூடி. அதனால் அவர்களுக்குள் ஒரு பாஷை வைத்துக்கொண்டார்கள். அவள் உள்ளிருந்து தகட்டை ஒரு முறை தட்டினால், சரி. இரண்டு முறை தட்டினால், இன்னும் கொஞ்சம் அடி. மூன்று முறை தட்டினால், கெட்டுப்போனது, நிறுத்து. அவர் இடது உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்திருப்பார். தட்டு காதில் கேட்காது, கையில் கேட்கும்.

ஆரம்பத்தில் ஒரு நாள் மாலைக்குள் ஏழு முறை மூன்று தட்டு வந்தது. ஏழாவதுக்கு அவர் காதுமூடியைக் கழற்றித் தரையில் அடித்தார். "நீ புடிக்கிற லட்சணம் இதுதானா? ஒவ்வொண்ணையும் குடைஞ்சு எடுத்து மறுபடி அடிக்கணும், தெரியுமா உனக்கு?" என்று கத்தினார். அவள் இறக்கையிலிருந்து கையை உருவிக்கொண்டு, போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். கோபம் அவருக்கு மழை மாதிரி, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். நனைந்தவர்களுக்குத்தான் காய நேரமாகும்.

அதற்குப் பிறகு மூன்று தட்டு குறைந்தது. பிறகு நின்றேபோனது. வேலைப் புத்தகத்தில் நாள்வாரியாக எல்லாவற்றையும் எழுதுவார்: எந்தப் பாகம், எத்தனை ரிவெட், மூன்று தட்டு எத்தனை. கடைசி இரண்டு வருஷமாக அந்தக் கட்டத்தில் "இல்லை, இல்லை, இல்லை" என்றுதான் இருக்கும். பல் டாக்டர்களிடம் கூட அந்தப் பக்கங்களைக் காட்டியிருக்கிறார். "எங்க வீட்டம்மா கை தங்கமான கை சார்." வரைபடத்தின் ஓரத்தில், ஒவ்வொரு ரிவெட்டையும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கவும் என்று ஒரு வரி இருந்தது. கட்டின பெண்டாட்டியை நம்பாதவன் எழுதின வரி என்று அதை அவர் தள்ளிவிட்டார்.

வலது இறக்கையை மூடி முடித்த ஒன்பதாம் நாள், பெண்ணின் பிரசவத்துக்கென்று அவள் கிளம்பிப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள், பதினான்கு மாதமாகியும் வரவில்லை. முதலில் குழந்தைக்குச் சளி என்றாள். பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டும் என்றாள். அப்புறம் காரணம் சொல்வதை அவளும் விட்டுவிட்டாள், கேட்பதை இவரும் விட்டுவிட்டார். விமானத்தின் மேல் அவளுக்கு அலுத்துப்போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டார். விமானம் அலுத்துப்போனால் அவரும் அலுத்துப்போன மாதிரிதான்.

ஒற்றை ஆளாகச் செய்யக்கூடியவற்றையெல்லாம் செய்து தீர்த்தார். எஞ்சினை ஏற்றினார், ஒயர் இழுத்தார், இரண்டு இருக்கைக்கும் உறை தைத்தார். அவளுடைய காதுமூடி ஆணியில் அவருடையதற்குப் பக்கத்தில் தொங்கியது. வாரத்துக்கு ஒரு முறை அதன் தூசியையும் தட்டுவார். சாப்பாட்டை இறக்கைக்குப் பக்கத்தில் நின்றபடியே முடித்துவிடுவார். சில நாள் வேலை எதுவும் இல்லாமலே அந்த அறைக்குப் போய், தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். என்ன செய்கிறாய் என்று கேட்க வீட்டில் ஆளில்லாதது ஒரு வகையில் வசதிதான்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவள் போன் வரும். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, பேரன் தவழ்கிறான். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசுவாள். கையில் எடுத்துப் பேசக்கூட மனசில்லை என்று இவருக்கு உள்ளுக்குள் பொருமும். ஆனால் கேட்கமாட்டார்.

விமானத் துறைப் பரிசோதகர் வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் வீட்டு வாசலைத் தாண்டும். இறக்கையின் அடியில், கை நுழையும் அளவுக்கு மூடியோடு கூடிய ஓட்டைகள் உண்டு. அவர் அவற்றைத் திறந்து உள்ளே பார்ப்பார். பார்க்கட்டும், இவருக்கென்ன பயம்? இருந்தாலும் சனிக்கிழமை காலை, நாமே ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று தோன்றியது. பல்லுக்குப் பின்பக்கம் பார்க்கிற நீளக் காம்புக் கண்ணாடி அவரிடம் ஒரு டஜன் இருந்தது. ஒன்றை எடுத்து, டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பெண்ணின் அறைக்குப் போனார்.

இடது இறக்கை முழுக்க ஒழுங்கு. பொத்தான் பொத்தானாக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. வலது இறக்கையிலும் முக்கால்வாசி அப்படியே. நுனிப் பக்கத்து ஓட்டையில் கண்ணாடியை விட்டவர், முதலில் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். கடைசி வரிசையில் இருபத்தாறு ரிவெட், ஒன்றுகூட நேராக இல்லை. வால்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தன.

வேலைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவள் ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம், மூன்று நாள் வேலை. மூன்று தட்டு: இல்லை. இல்லை. இல்லை.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொய். இருபத்தாறு தடவை தட்டி, இருபத்தாறு பொய். இதில் ஏறி நான் பறக்கப்போகிறேன் என்று தெரிந்துதானே தட்டினாள்? ஊருக்குப் போகும் அவசரமா, தொலையட்டும் என்கிற வெறுப்பா? உடனே போனை எடுத்தார், வைத்தார். பேசினால் வாயில் என்ன வருமென்று அவருக்கே தெரியவில்லை. துளைக்கிற மெஷினை எடுத்து, அவள் பிடித்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகக் குடைந்து எடுக்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் இருபத்தாறும் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. எடுத்து முடித்த பிறகுதான் உறைத்தது. மறுபடி அடிக்க உள்ளே பிடிக்க ஒரு கை வேண்டும். ஏழு வருஷத்தில் அந்த ஒரு கையைத் தவிர வேறு கையை அவர் சம்பாதித்துவைக்கவில்லை.

ஞாயிறு காலை கதவைத் தட்டியது பக்கத்து வீட்டு வயலின் வாத்தியார். இருவருக்கும் ஏழு வருஷத்துப் பகை. இங்கே துப்பாக்கி பேசினால் அங்கே பாடம் நடக்காது. சுவரைக் குத்திக் குத்தியே வாத்தியாரின் பக்கத்துச் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது.

"என்ன சார், நேத்து மறுபடி ஆரம்பிச்சிட்டீங்க போல."

"மன்னிச்சுக்குங்க. இன்னும் கொஞ்சம்தான்."

"சண்டைக்கு வரல. ஒரு வருஷமா சத்தமே இல்லாம எனக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு. அதான் பாத்துட்டுப் போலாம்னு."

பல்செட்காரர் கதவை அகலத் திறந்தார். ஒரு வருஷமாக அவர் வீட்டு அமைதியைக் கவனித்த ஒரே ஆள் இந்த எதிரிதான். "எனக்கு ஒரு கை வேணும்" என்றார்.

"கைதானே, எடுத்துக்குங்க" என்று வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அவளுடைய காதுமூடியை வாத்தியாருக்கு மாட்டினார். தட்டுப் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார். வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓட்டை வழியாக இரும்புக் கட்டியோடு கையை உள்ளே விட்டார். முதல் ரிவெட்டுக்கு மூன்று தட்டு. தட்டியதோடு விடாமல், "மூணு! மூணு!" என்று கூச்சல் வேறு. பல்செட்காரருக்குச் சுருக்கென்று வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, "பரவால்ல, பரவால்ல" என்றார். அந்தச் சொல் தன் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே ஆச்சரியம். இரண்டாவதுக்கு இரண்டு தட்டு. அப்புறம் ஒன்று, ஒன்று, ஒன்று. வாத்தியாருக்கு விரலில் ஞானம் இருந்தது.

பதினொன்றாவது ரிவெட்டோடு வாத்தியார் கையை வெளியே உருவினார். விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. உதறினார், தேய்த்தார், வாயில் வைத்து ஊதினார்.

"இதுக்கு மேல நம்மால ஆகாது சார். நுனி மரத்துப் போச்சு. வில்லு புடிக்கிற கை இது. அரை மணி நேரத்துக்கே இப்படின்னா, உங்க வீட்டம்மா எப்படித்தான் வருஷக்கணக்கா புடிச்சாங்களோ. ஒண்ணும் சொல்லலியா அவங்க?"

"சொல்லலியே."

வாத்தியார் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு எங்கிட்ட கேட்டாங்க. வயலின் வாசிக்கிறவங்களுக்கு விரல் மரத்துப் போகுமா, போனா திரும்ப உணர்ச்சி வருமான்னு. யாருக்கோ கேக்குறாங்கன்னு நெனச்சேன்."

வாத்தியார் போன பிறகு பல்செட்காரர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏழு வருஷத்தில் அவர் உட்காராத ஸ்டூல் அது. அவள் பார்த்த பக்கத்திலிருந்து பார்த்தால் தகடும், எதிர்ச் சுவரும், தகட்டுக்கு மேலே தன் தலை இருந்திருக்கக்கூடிய இடமும்தான் தெரிந்தன. சின்னச் சின்ன விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கடைசி மாதங்களில் அவள் மூன்று கண்ணாடி டம்ளரை உடைத்தாள். "கையில எண்ணெயா தடவியிருக்க?" என்று இவர் கேட்டார். சட்டைப் பொத்தானை அவரையே போட்டுக்கொள்ளச் சொன்னாள். போனை மேசையில் வைத்துவிட்டுப் பேசுகிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அடுத்தவர் பல்லில் மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண், வீட்டுக்குள் குருடாக இருந்திருக்கிறது. அவருக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"என்னங்க, சாப்டீங்களா?"

"போனைக் கையில எடு."

"என்னது?"

"ஸ்பீக்கரை அணைச்சிட்டு, போனைக் கையில எடுத்துக் காதுல வச்சுப் பேசு."

தூரத்தில் குழந்தை எதையோ உருட்டுகிற சத்தம்.

"யாரு சொன்னா? நம்ம பொண்ணு சொன்னாளா?"

"இறக்கை சொல்லுச்சு. வியாழக்கிழமை பரிசோதகர் வர்றாரேன்னு உள்ள பாத்தேன். இருபத்தாறு ரிவெட்."

"அய்யய்யோ. இருபத்தாறுமா?" அவள் குரல் பதறியது. "நீங்க அதுல ஏறலையே? நல்லவேளை. பரிசோதகர் வருவாரு, அவரு பாத்துடுவாருன்னுதான் நான் தைரியமா இருந்தேன். அவரு வர்ற தேதி சொன்னீங்கன்னா எப்படியாவது சொல்லிடணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சும் ஒரு தட்டு தட்டினியா?"

"தெரியலீங்க. அதுதான் விஷயமே. விரலால தடவிப் பாத்துத்தானே சொல்லுவேன். விரலுக்கே ஒண்ணும் தெரியலேன்னா? கட்டி நேரா இருக்கா, சாஞ்சிருக்கான்னு கூடத் தெரியல. ஏதோ பஞ்சைப் புடிச்ச மாதிரி இருந்துச்சு."

"கையை வெளிய எடுத்து, தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்." அவள் ஒத்துக்கொண்டாள். "சரிக்கு ஒண்ணு, இன்னும் அடிக்க ரெண்டு, கெட்டதுக்கு மூணு. தெரியலைக்கு எத்தனை தட்டுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

அவர் உள்ளங்கையை மடியில் தேய்த்துக்கொண்டார்.

"மூணு தட்டினா நீங்க கத்துவீங்க. அது கூடப் பரவால்ல, கத்திட்டு மறந்துடுவீங்க. கை போச்சுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? ஏரோப்ளேனை நிறுத்திட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. இல்லேன்னா நிறுத்தாம வேற ஆளைத் தேடுவீங்க. ரெண்டுமே எனக்குப் புடிக்கல. அதான் வந்துட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"நரம்பு நசுங்கியிருக்காம். வைத்தியம் நடக்குது."

"நான் கத்தினது தப்பு. காதுமூடியைத் தரையில அடிச்சது தப்பு. அதுக்கப்புறம் புத்தகத்துல இல்லை, இல்லைன்னு எழுதிக்கிட்டே வந்தேன் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு." சொன்னவர் மூக்கை உறிஞ்சினார். "இப்ப கை எப்படி இருக்கு?"

"இப்ப பரவால்லீங்க."

"வாயால சொல்லாத. இனிமே நாலு தட்டுன்னு ஒண்ணு வச்சுக்குவோம். தெரியல, வலிக்குது, மரத்துப் போச்சு, என்னால முடியல, எல்லாத்துக்கும் நாலு. இப்ப சொல்லு."

அவர் தன் பக்கத்திலும் ஸ்பீக்கரைப் போட்டு, போனை இறக்கையின் மேல் வைத்து, உள்ளங்கையை அதன் மேல் பதித்துக்கொண்டார்.

மறுமுனையில் மேசையை ஒரு முறை தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு நின்றுபோன நாளிலிருந்து, அந்த முதல் தட்டு வந்தவுடன் அவர் துப்பாக்கியை அடுத்த ரிவெட்டுக்கு நகர்த்திவிடுவார். இன்னொரு தட்டு வருமா என்று காத்திருந்ததே கிடையாது. இன்றைக்குக் கையை எடுக்கவில்லை. குழந்தை உருட்டிக்கொண்டிருந்தது எங்கோ போய் முட்டி நின்றது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

இரண்டாவது தட்டு வந்தது. நெடுநேரம் கழித்து மூன்றாவது. அப்புறம், வேண்டாம் என்று நினைத்து மனம் மாறியதுபோல, நான்காவது.

"நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுல வர்றேன்" என்றார்.

"வியாழக்கிழமை பரிசோதகர் வர்றாரே? ஏழு வருஷம் காத்துக்கிட்டிருந்தீங்களே, ஏரோப்ளேன் என்ன ஆகுறது?"

"அது எங்கயும் பறந்து போயிடாது."

அந்தப் பக்கம் கேட்டது சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையைத் தேடப் போனார்.